போதை அடிமைநிலையும் வெளிநோயாளர் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

நோயாளியை எங்கே வைத்துக் குணப்படுத்துவது என்ற வினா பெரும்பாலான நோய்களில் மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே தீர்ந்துவிடும் ஒன்றாகும். காய்ச்சல் கண்டவன் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து மருந்து பெற்று வீடு திரும்புகிறான். நோய் கடுமையாயின் விடுதியிற் சேர்க்கப்படுகிறான். இதிலே சட்டம் தலையிடுவதில்லை. பொலிசாருக்கும் வேலை இல்லை. ஆனால் போதைப்பொருளுக்கு அடிமையான ஒருவனைப் பொறுத்தவரை இவ்வினா நூறு ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களிலும் சட்டசபைகளிலும் வாதிக்கப்பட்டு வந்துள்ளது. அவன் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறலாமா, அல்லது மதில் சூழ்ந்த ஒரு நிலையத்தில் அடைக்கப்பட்டே குணமாக வேண்டுமா என்பதை மருத்துவ அறிவு மாத்திரம் தீர்மானிக்கவில்லை. அவன் நோயாளியா குற்றவாளியா என்பதில் ஒவ்வொரு சமுதாயமும் கொண்டிருந்த எண்ணமே பெரும்பாலும் அதனைத் தீர்மானித்தது.

அபினும் அதிலிருந்து பெறப்படும் பொருள்களும் விளைவிக்கும் அடிமைநிலைக்கு, வளர்ந்தோரிடையே வெளிநோயாளர் சிகிச்சை எவ்வாறு தோன்றியது, ஏன் கைவிடப்பட்டது, எவ்வாறு மீண்டும் இடம்பெற்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வரலாற்றின் முக்கிய நிகழ்ச்சிகள் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஹொங்கொங்கிலும் இடம்பெற்றவை. எனினும் அவற்றிலிருந்து பெறப்படும் பாடம் அந்நாடுகளுக்கு மட்டும் உரியதன்று.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனிய மருந்தாளரான சேற்றூனர் அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊசி மூலம் மருந்தை உடலிற் செலுத்தும் முறை வந்தது. 1898ஆம் ஆண்டில் பேயர் நிறுவனம் ஹெரோயினை இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நோவு தீர்க்கும் மருந்துகள் வேறு அதிகம் இல்லாத அக்காலத்தில், மருத்துவர்கள் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தினர். இதன் விளைவாக ஐக்கிய அமெரிக்காவில் அடிமைநிலைக்கு உள்ளானோருட் பெரும்பாலோர் மருத்துவரின் கையாலேயே அப்பழக்கத்தைப் பெற்றவராயிருந்தனர். மத்தியதர வகுப்புப் பெண்கள் இவர்களுள் கணிசமானோர். தமது குடும்ப மருத்துவரிடம் சென்று வேண்டிய அளவைப் பெற்றுத் தமது அலுவல்களை இவர்கள் கவனித்து வந்தனர். அதனைக் குற்றமென்று எவரும் கருதவில்லை.

ஆசியக் குடியேற்ற நாடுகளில் நிலைமை வேறு. அங்கு அபின் அரசாங்க வருவாய்க்கு ஒரு வழியாக இருந்தது. உரிமம் பெற்ற கடைகளில் அது விற்கப்பட்டது. இவ்விற்பனைக்கு எதிராக எழுந்த இயக்கத்தின் பயனாக, இலங்கையிலும் 1910ஆம் ஆண்டின் சட்டம் பழக்கமுற்ற நுகர்வோரைப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. பதிவு செய்யப்பட்டவர் தமக்குரிய அளவைச் சட்டபூர்வமாகப் பெறலாம் என்பதே இதன் அடிப்படை. இது சிகிச்சை முறையன்று. விநியோகத்தைக் கட்டுப்படுத்தும் முறையே. ஆயினும், பழக்கமுற்றவன் தன் ஊரில் தன் தொழிலைச் செய்துகொண்டு சட்டத்தின் பார்வைக்குள் வாழ முடியும் என்ற கருத்து இதிலே அடங்கியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

1914ஆம் ஆண்டுச் சட்டமும் சிகிச்சை நிலையங்களும்

ஐக்கிய அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய ஹரிசன் சட்டம் தோற்றத்தில் ஒரு வரிச் சட்டமாகும். போதைப்பொருள்களைக் கையாளும் ஒவ்வொருவரும் பதிவு செய்து வரி செலுத்திக் கணக்கு வைக்க வேண்டும் என்று அது விதித்தது. மருத்துவர் தமது தொழிலை நடத்தும் முறையில் அவற்றைக் கொடுப்பதற்கு அது தடை விதிக்கவில்லை. ஆனால் அடிமைநிலையில் உள்ளவனுக்கு, அவனது பழக்கத்தைக் குணப்படுத்தும் நோக்கமின்றி, அவன் வேதனையின்றி வாழும்பொருட்டு மருந்து கொடுப்பது மருத்துவத் தொழிலாகுமா? இவ்வினாவுக்கு 1919ஆம் ஆண்டு வெப் என்பவரின் வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஆகாது என விடை கூறியது. அந்நாள் முதல், பழைய நோயாளிக்கு வழக்கமான மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவர் வழக்கை எதிர்நோக்க வேண்டியவரானார்.

மருத்துவர்களின் கதவுகள் மூடப்பட்டதும் நகரங்களில் ஒரு நெருக்கடி தோன்றியது. அதனைச் சமாளிக்கும்பொருட்டு 1919ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் நாற்பதுக்கு மேற்பட்ட பொதுச் சிகிச்சை நிலையங்கள் பல நகரங்களில் திறக்கப்பட்டன. இம்முயற்சிக்கு ஒரு முன்னோடியும் இருந்தது. புளோரிடாவின் ஜக்சன்வில் நகரில் சுகாதார அதிகாரியாயிருந்த சாள்ஸ் ரெறி, 1912ஆம் ஆண்டிலேயே வசதியற்ற நோயாளருக்கு இலவசமாக மருந்துச்சீட்டு வழங்கும் திட்டத்தைத் தொடக்கியிருந்தார்.

இந்நிலையங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. நியூயோர்க் நகரின் வேர்த் வீதியில் 1919 ஏப்ரலில் திறக்கப்பட்ட நிலையத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்யப்பட்டனர். அத்தனை பேரையும் தனித்தனியே பரிசோதிப்பதற்கோ அவர்களது வாழ்க்கை நிலையை அறிவதற்கோ வசதி இருக்கவில்லை. வரிசையில் நின்று மருந்து பெறும் இடமாகவே அது அமைந்தது. அளவைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் வைத்தியசாலைக்கு அனுப்பிப் பழக்கத்தை நீக்குவதே திட்டம். ஆனால் வைத்தியசாலையிலிருந்து வெளியேறியோர் பலர் மீண்டும் பழைய பழக்கத்துக்கே திரும்பினர். ஏறத்தாழ ஓராண்டு காலத்தில் அந்நிலையம் மூடப்பட்டது. அதன் தோல்வி உண்மையான தோல்வியே. எனினும், பின்னர் நாடெங்கும் இருந்த எல்லா நிலையங்களையும் கண்டிப்பதற்கு அதுவே உதாரணமாகக் காட்டப்பட்டது.

ஷிறீவ்போட் நகரின் அனுபவம்

இதற்கு மாறான உதாரணம் லூசியானா மாநிலத்தின் ஷிறீவ்போட் நகராகும். அங்கு டாக்டர் வில்லிஸ் பட்லரின் பொறுப்பில் 1919ஆம் ஆண்டு மே மாதம் ஒரு நிலையம் இயங்கத் தொடங்கியது. பட்லர் ஒவ்வொரு நோயாளியையும் பரிசோதித்தார். வேறு நோய்கள் இருப்பின் அவற்றுக்கும் சிகிச்சை அளித்தார். குணமாகக் கூடியவரென்று கருதியோரை வைத்தியசாலையிற் சேர்த்துப் பழக்கத்தை நீக்க முயன்றார். தீராத நோயாலோ முதுமையாலோ அவ்வாறு செய்ய முடியாதோருக்கு, உடல்நிலை சமநிலையில் நிற்கத்தக்க அளவு மோர்பினைக் குறைந்த விலைக்கு வழங்கினார். தொழில் செய்ய வல்லவன் தொழில் செய்ய வேண்டும். ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். பெற்ற மருந்தைப் பிறருக்கு விற்கக் கூடாது. இந்நிபந்தனைகளை மீறியோர் விலக்கப்பட்டனர்.

உள்ளூர் நீதிபதியும் பொலிசாரும் பட்லரின் முயற்சிக்கு ஆதரவளித்தனர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. கள்ளச் சந்தைக்காரனுக்கு அந்நகரில் வாடிக்கையாளர் அருகினர் என்பதை அவர்கள் கண்டிருந்தனர். ஆயினும் சமஷ்டி அரசின் திறைசேரிக்குக் கீழிருந்த அதிகாரிகள் ஒவ்வொரு நகரமாகச் சென்று நிலையங்களை மூடுவித்துக்கொண்டிருந்தனர். அமெரிக்க மருத்துவச் சங்கமும் நோயாளியைத் தன் இருப்பிடத்தில் இருக்கவிட்டுச் செய்யும் சிகிச்சையைக் கண்டித்தது. நெடுநாள் எதிர்த்து நின்ற பட்லரின் நிலையமும் 1923 பெப்ரவரியில் மூடப்பட்டது.

1925ஆம் ஆண்டு லிண்டர் என்ற மருத்துவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் தன் பழைய நிலைப்பாட்டைப் பெரிதும் தளர்த்தியது. அடிமைநிலையில் உள்ளோர் நோயுற்றவர், அவர்களுக்கு மருத்துவர் சிகிச்சை அளித்தல் தகும் என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. ஆனால் அதற்குள் நிலையங்கள் மறைந்துவிட்டன, மருத்துவர்கள் அஞ்சிவிட்டனர். ஏட்டில் எழுதப்பட்ட தீர்ப்பு நடைமுறையை மாற்றவில்லை. நீதிமன்றம் திறந்த கதவினூடாக நுழைய நாற்பது ஆண்டுகளாக எவரும் துணியவில்லை எனலாம்.

பிரித்தானியா மேற்கொண்ட வழி

இதே பிரச்சினையைப் பிரித்தானியா வேறொரு முறையில் அணுகியது. 1924ஆம் ஆண்டில் சேர் ஹம்பிரி றொல்லெஸ்ரனின் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 1926இல் தன் அறிக்கையை வெளியிட்டது. குழுவினர் மருத்துவர்களாவர். பழக்கத்தைப் படிப்படியாக நீக்கும் நோக்குடன் மருந்து கொடுத்தல் தகும் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. பலமுறை முயன்றும் விடமுடியாத, ஆனால் சிறிதளவு மருந்துடன் பயனுள்ள வாழ்க்கையை நடத்தக்கூடிய ஒருவருக்கு அவ்வளவைத் தொடர்ந்து கொடுத்தலும் மருத்துவத் தொழிலின்பாற்பட்டதே என அவர்கள் முடிவு செய்தனர். அமெரிக்காவில் நீதிபதிகள் கூறிய விடைக்கு நேரெதிரான விடை இதுவாகும்.

இம்முறை பல ஆண்டுகள் அமைதியாக இயங்கியது. ஆனால் அதன் வெற்றியை மிகைப்படுத்துதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. அக்காலப் பிரித்தானியாவில் அடிமைநிலையில் இருந்தோர் சில நூறு பேரே. அவர்களும் பெரும்பாலும் நடுத்தர வயதினர். நோய்க்காக மருந்துண்டு பழகியோர். சிலர் மருத்துவத் தொழிலைச் சேர்ந்தோர். கள்ளச் சந்தை தோன்றுவதற்குரிய சூழல் அங்கு இருக்கவில்லை. 1960களில் இந்நிலை மாறியது. 1959ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிந்திருந்த ஹெரோயின் அடிமைகள் 68 பேர். 1964இல் அத்தொகை 342 ஆயிற்று. இன்பம் கருதிப் பழகிய இளைஞரே புதிதாய் வந்தோர். சேர் றசல் பிரெய்னின் தலைமையிலான குழு 1965இல் வெளியிட்ட அறிக்கையில், இலண்டனில் ஒரு சில மருத்துவர்கள் அளவு கடந்து மருந்தெழுதியமை வெளிப்பட்டது. அவர்களுள் ஒருவர் மாத்திரம் 1962ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு இலட்சம் ஹெரோயின் மாத்திரைகளை எழுதியிருந்தார். இதன் விளைவாக 1968 முதல் அடிமைநிலையில் உள்ளோருக்கு ஹெரோயின் வழங்கும் உரிமை தனி அனுமதி பெற்ற மருத்துவர்களுக்கே அளிக்கப்பட்டது. இச்சிகிச்சை வைத்தியசாலைகளைச் சார்ந்த நிலையங்களுக்கு மாற்றப்பட்டது.

வேர்த் வீதியும் இலண்டனும் ஒரே உண்மையை இரு வகையில் உணர்த்துகின்றன. நோயாளியை அறியாமல், அவன் வாழ்க்கையை நோக்காமல், மருந்தை மட்டும் வழங்குவது சிகிச்சையாகாது. வெளிநோயாளர் முறையின் எதிரிகள் கூறிய குறைகளுள் இது நியாயமானது. ஆனால் அதற்குப் பதிலாக அவர்கள் முன்வைத்த முறை எத்தகையது?

லெக்சிங்ரன்: மதிலுக்குள் ஒரு சோதனை

நிலையங்களை மூடிய அமெரிக்க அரசாங்கம் 1935ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்ரன் நகருக்கு அருகே ஒரு பெரும் நிறுவனத்தைத் திறந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் நிலத்தில் அமைந்த அது வைத்தியசாலையாகவும் சிறையாகவும் பண்ணையாகவும் விளங்கியது. தண்டனை பெற்ற கைதிகளும் தாமாக வந்த நோயாளரும் அங்கு ஒருங்கே தங்கினர். தூய காற்று, நல்ல உணவு, வயல் வேலை, ஒழுங்கான உறக்கம் ஆகியவை அவர்களை மாற்றிவிடும் என்று நம்பப்பட்டது. 1938இல் ரெக்சாஸ் மாநிலத்தின் போர்ட் வேர்த் நகரிலும் இத்தகைய நிறுவனம் ஒன்று திறக்கப்பட்டது.

மதிலுக்குள் இம்முறை வெற்றி பெற்றது. நோயாளர் உடல் தேறினர். ஆனால் வெளியே சென்றோரின் நிலை என்ன? 1952 முதல் 1955 வரை லெக்சிங்ரனிலிருந்து வெளியேறிய நியூயோர்க் நகரத்தவர் ஏறக்குறைய 1,900 பேரைப் பின்தொடர்ந்து ஹண்ட், ஒடொரோவ் என்னும் இருவர் நடத்திய ஆய்வு 1962இல் வெளிவந்தது. அவர்களுள் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மீண்டும் பழக்கத்துக்கு உள்ளாயினர். அதுவும் பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள்ளேயே. ஜோர்ஜ் வெய்லண்ட் நூறு பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 1966இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. வைத்தியசாலையில் தங்கியதால் மட்டும் நிலைத்த பயன் ஏற்படவில்லை. விடுதலைக்குப்பின் ஓராண்டேனும் சமுதாயத்தில் இருந்தபடியே மேற்பார்வைக்கு உட்பட்டு வேலை செய்தோரே பெரும்பாலும் பழக்கத்தை விட்டு நின்றனர்.

இத்தோல்விக்கான காரணமும் லெக்சிங்ரனிலேயே கண்டறியப்பட்டது. அங்கு ஆராய்ச்சி செய்த ஏப்ரகாம் விக்லர் ஒரு விந்தையைக் கவனித்தார். மாதக்கணக்கில் போதைப்பொருளைத் தொடாத நோயாளர், அதனைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் கொட்டாவி விட்டனர், கண்ணீர் வடித்தனர். மருந்து நிறுத்தப்பட்ட முதல் நாள்களில் தோன்றும் வேதனைக் குறிகளே அவை. மணியோசை கேட்டதும் உமிழ்நீர் சுரந்த பவ்லோவின் நாய்களைப் போல, பழகிய தெருவையும் பழகிய நண்பரையும் கண்டதும் உடல் பழைய வேதனையை மீண்டும் எழுப்புகிறது என விக்லர் 1940களின் இறுதியில் விளக்கினார். எனவே நோயின் வேர் உடலில் மட்டும் இல்லை. நோயாளி வாழ்ந்த இடத்தோடும் அது பிணைந்திருந்தது. அவ்விடத்திலிருந்து அவனைப் பிரித்துக் குணப்படுத்தி மீண்டும் அதே இடத்துக்கு அனுப்புவது, நீந்தத் தெரியாதவனைக் கரையில் வைத்துப் பயிற்றி ஆழத்தில் இறக்குவதை ஒத்ததாகும்.

இதற்கு மறுதலையான சான்றை வியட்நாம் யுத்தம் அளித்தது. அங்கு ஹெரோயினுக்கு அடிமையாகி 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரரை லீ றொபின்ஸ் ஆராய்ந்தார். தாயகம் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமைநிலைக்கு உள்ளானோர் அவர்களுள் மிகச் சிலரே. லெக்சிங்ரன் நோயாளர் பழக்கம் பிறந்த இடத்துக்கே திரும்பினர். படைவீரரோ அவ்விடத்தை விட்டு நீங்கினர். இடத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை இவ்விரண்டும் ஒருங்கே விளக்குகின்றன. பெரும்பாலான நோயாளர் தமது ஊரை விட்டு நீங்க முடியாதவர்கள். ஆகவே சிகிச்சை அவர்களைத் தேடி அவ்வூருக்குச் செல்லுதல் அவசியமாயிற்று.

மெதடோன் சிகிச்சையின் தோற்றம்

லெக்சிங்ரனில் பணியாற்றி அதன் பயனின்மையைக் கண்ட மனநோய் மருத்துவர்களுள் மேரி நைஸ்வாண்டரும் ஒருவர். அடிமைநிலையில் உள்ளவனை நோயாளியாகக் கொள்ளவேண்டும் என்பதை 1956ஆம் ஆண்டில் நூல் வடிவில் அவர் வலியுறுத்தினார். நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவனத்தில் உடலின் இரசாயனச் செயல்முறைகளை ஆராய்ந்த வின்சன்ட் டோல் அந்நூலைப் படித்து அவரோடு தொடர்புகொண்டார். 1964ஆம் ஆண்டில் இருவரும் இளம் மருத்துவரான மேரி ஜீன் கிறீக்குடன் இணைந்து ஆய்வைத் தொடங்கினர்.

முதலில் அவர்கள் நோயாளருக்கு மோர்பினையே கொடுத்துப் பார்த்தனர். ஒவ்வொரு சில மணித்தியாலத்துக்கும் ஊசி தேவைப்பட்டது. அளவும் ஏறிக்கொண்டே சென்றது. நோயாளர் அடுத்த ஊசியை எதிர்பார்ப்பதன்றி வேறெதிலும் நாட்டம் கொள்ளவில்லை. பின்னர் மெதடோன் கொடுக்கப்பட்டது. 1930களின் இறுதியில் ஜேர்மனியில் செயற்கையாக ஆக்கப்பட்ட இம்மருந்தை வாயால் உட்கொள்ளலாம். ஹெரோயினின் ஆற்றல் நான்கைந்து மணித்தியாலங்களில் தணிந்துவிட, மெதடோனின் ஆற்றல் ஒரு நாள் முழுவதும் நிலைத்து நிற்கும். தக்க அளவு உடலிற் சேர்ந்தபின் மயக்கமும் இல்லை, வேதனையும் இல்லை. மேலதிகமாக ஹெரோயின் ஏற்றிக்கொண்டாலும் அதன் கிளர்ச்சி உணரப்படாது. இம்மாற்றத்தின்பின் ஒரு நோயாளி ஓவியம் வரையத் தொடங்கினார்; மற்றொருவர் விட்ட கல்வியைத் தொடர விரும்பினார். நாள் முழுவதும் மருந்தைத் தேடுவதில் கழிந்த வாழ்க்கைக்கு இப்போது வேறு அலுவல் கிடைத்தது.

22 நோயாளரைப் பற்றிய அவர்களது முதல் அறிக்கை 1965ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. தொடக்கத்தில் நோயாளர் ஏறத்தாழ ஆறு வாரங்கள் வைத்தியசாலையில் தங்கினர். பின்னர் வீட்டிலிருந்து நாள்தோறும் வந்து மருந்தை உட்கொண்டனர், சிறுநீர் பரிசோதிக்கப்பட்டது, வேலையும் வசிப்பிடமும் பெற உதவி அளிக்கப்பட்டது. ஷிறீவ்போட்டில் பட்லர் செய்தவற்றோடு இவற்றை ஒப்பிடின், மருந்தைத் தவிர ஏனையவை பெரிதும் ஒத்திருத்தலைக் காணலாம். இடையில் கழிந்த நாற்பது ஆண்டுகளின் நட்டம் எவ்வளவு என்பதை எந்தக் கணக்காலும் அளவிட முடியாது.

1971ஆம் ஆண்டில் ஜனாதிபதி நிக்சன் அமைத்த தனி அலுவலகத்துக்கு ஜெறோம் ஜஃபே பொறுப்பேற்றார். படைவீரரிடையே பரவிய ஹெரோயின் பழக்கம் ஏற்படுத்திய அச்சத்தால் மெதடோன் நிலையங்கள் விரைவாகப் பெருகின. ஆயினும் 1972ஆம் ஆண்டின் விதிகளும் 1974ஆம் ஆண்டின் சட்டமும் இம்மருந்தைச் சாதாரண மருத்துவரின் கைக்குக் கொடுக்கவில்லை. தனி உரிமம் பெற்ற நிலையத்துக்கு நோயாளி நாள்தோறும் செல்ல வேண்டியிருந்தது. சிகிச்சை மதிலுக்கு வெளியே வந்தது உண்மையே. ஆனால் ஏனைய நோய்களின் சிகிச்சையோடு அது ஒன்றாக்கப்படவில்லை. லெக்சிங்ரன் நிறுவனம் 1974இல் வைத்தியசாலை என்ற நிலையை இழந்து சிறைச்சாலைத் திணைக்களத்தின் கைக்குச் சென்றது.

ஹொங்கொங் தந்த சான்று

ஆசியாவில் இம்முறையைப் பேரளவில் மேற்கொண்ட முதலிடம் ஹொங்கொங் எனலாம். 1972இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1970களின் நடுப்பகுதியில் இத்திட்டம் விரிவடைந்தது. புறம்பான கட்டடங்களை எழுப்பாமல், பகலில் சாதாரண நோயாளர் வரும் வெளிநோயாளர் நிலையங்களே மாலை வேளைகளிற் பெரிதும் பயன்படுத்தப்பட்டன. வேலை முடிந்து வரும் தொழிலாளி ஒரு டொலர் கட்டணம் செலுத்தி மருந்தை உட்கொண்டு வீடு செல்லலாம். நீண்ட விசாரணையோ காத்திருப்புப் பட்டியலோ இல்லை. வெளிநோயாளர் சிகிச்சையின் இயல்பை இதைவிட எளிமையாகக் காட்டும் அமைப்பு வேறில்லை.

அங்கேயே ஒரு முக்கிய பரிசோதனையும் நடத்தப்பட்டது. நியூமன், வைட்ஹில் என்போர் 1979இல் வெளியிட்ட முடிவுகளின்படி, நூறு ஹெரோயின் அடிமைகள் இரு சம பிரிவுகளாக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மெதடோன் தொடர்ந்து கொடுக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு அது படிப்படியாக நிறுத்தப்பட்டு மருந்தற்ற நீர்மம் கொடுக்கப்பட்டது. யாருக்கு எது என்பதை நோயாளரும் பணியாளரும் அறியார். ஆலோசனையும் ஏனைய உதவிகளும் இரு பிரிவினருக்கும் உண்டு. 32 வாரங்களின் பின் முதற் பிரிவினருள் 76 சதவீதத்தினரும் இரண்டாம் பிரிவினருள் 10 சதவீதத்தினருமே சிகிச்சையில் எஞ்சியிருந்தனர். மூன்றாண்டுகளின் முடிவில் அவை முறையே 56 சதவீதமும் 2 சதவீதமுமாயின. ஆலோசனை மட்டும் போதாது என்பதை இம்முடிவுகள் நிறுவின. மருந்து மட்டும் போதாது என்பதை வேர்த் வீதி முன்னரே காட்டியிருந்தது.

1980களில் எயிட்ஸ் நோய் பரவியபோது இச்சிகிச்சையின் மதிப்பு மேலும் உயர்ந்தது. ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால் நோய்க்கிருமி தொற்றியது. பிலடெல்பியாவில் நடத்தப்பட்டு 1993இல் வெளியான ஆய்வொன்றில், 18 மாதங்களில் சிகிச்சை பெறாதோருள் 22 சதவீதத்தினருக்கும், மெதடோன் பெற்று வந்தோருள் 3.5 சதவீதத்தினருக்கும் கிருமி புதிதாகத் தொற்றியமை அறியப்பட்டது.

எதிர்வாதங்கள்

ஒரு போதைப்பொருளுக்குப் பதிலாக மற்றொன்றைக் கொடுப்பது எவ்வாறு சிகிச்சையாகும் என்ற வினா தொடக்கம் முதலே எழுப்பப்பட்டு வந்துள்ளது. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மருந்தை ஒரேயடியாக விட்டு வாழ்தலையே குணமடைதல் என்று கருதுவோருக்கு, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் சிகிச்சை முழுமையற்றதாகவே தோன்றும். 1953இல் கலிபோர்னியாவில் தோன்றிய அடிமைநிலையிலிருந்து மீள்வோரின் தன்னுதவிச் சங்கம், இத்தகைய முழு விலகலையே இலட்சியமாகக் கொண்டது. ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் அதன் கூட்டங்கள் பலருக்குப் பயன் அளித்துள்ளன. அதுவும் மதிலுக்கு வெளியே, ஊரின் நடுவே நிகழும் சிகிச்சையே என்பதை மறத்தலாகாது. மேலும், கவனமின்றி வழங்கப்படும் மெதடோன் கள்ளச் சந்தைக்குச் செல்வதும், பழக்கமற்றோர் அதனை உட்கொண்டு இறப்பதும் உண்மையான அபாயங்களாகும்.

ஆயினும் இவ்வாதத்துக்கு டோல் முதலியோர் அளித்த விடை சிந்திக்கத்தக்கது. நீரிழிவு நோயாளி இன்சுலினை நாள்தோறும் பெறுகிறார். அவர் குணமடையவில்லை என்று எவரும் அவரைச் சிகிச்சையிலிருந்து விலக்குவதில்லை. அவர் உழைக்கிறாரா, குடும்பத்தைப் பேணுகிறாரா, உயிரோடிருக்கிறாரா என்பனவே கேட்கப்படுகின்றன. அடிமைநிலையில் உள்ளவனிடம் மட்டும் வேறு கேள்வி ஏன் கேட்கப்பட வேண்டும்? சுவீடனில் 2003இல் வெளியான ஒரு பரிசோதனை இவ்வினாவின் பாரத்தை உணர்த்துகிறது. புப்ரனோபின் என்ற மருந்தை ஓராண்டு பெற்ற 20 பேருள் 15 பேர் இறுதிவரை சிகிச்சையில் நின்றனர். சில நாள்களில் மருந்து நிறுத்தப்பட்டு ஆலோசனை மட்டும் பெற்ற 20 பேருள் எவரும் நிற்கவில்லை. அவர்களுள் நால்வர் இறந்தனர்.

சாதாரண மருத்துவரின் கைக்கு மீளல்

மேற்கூறிய புப்ரனோபின் 1960களில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. அதனை நாவின் கீழ் வைத்துக் கரைக்கலாம். ஒரு எல்லைக்கு மேல் அளவைக் கூட்டினாலும் அதன் ஆற்றல் கூடுவதில்லை. எனவே மூச்சடக்கி உயிர்போக்கும் அபாயம் குறைவு. 1996ஆம் ஆண்டு முதல் பிரான்சின் பொது மருத்துவர்கள் இதனைத் தமது சிகிச்சை அறையிலிருந்தே எழுதிக் கொடுத்தனர். நோயாளர் அயலிலுள்ள மருந்துக் கடையில் அதனைப் பெற்றனர். 1995க்கும் 1999க்கும் இடையில் அந்நாட்டில் அளவு மீறிய போதைப்பொருளால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. ஐக்கிய அமெரிக்கா 2000ஆம் ஆண்டின் சட்டத்தால் இவ்வழியை ஓரளவு திறந்தது. ஆனால் தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் பெற்ற மருத்துவருக்கே அவ்வுரிமை கிடைத்தது. அத்தனி அனுமதி 2022 டிசம்பரில் நீக்கப்பட்டது. வெப் வழக்கின் தீர்ப்பு வழங்கப்பட்டு அப்போது நூற்று மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. 2005இல் உலக சுகாதார தாபனம் மெதடோனையும் புப்ரனோபினையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது, நிலைபெற்ற நோயாளர் 28 நாள்களுக்குரிய மெதடோனை வீட்டுக்குக் கொண்டுசெல்ல அமெரிக்காவில் இடமளிக்கப்பட்டது. 2024இல் இத்தளர்வு நிரந்தர விதியாயிற்று.

கொக்கெயின், மெதம்பெட்டமின் போன்றவற்றுக்கு இத்தகைய பதிலீட்டு மருந்து நிறுவப்படவில்லை. அங்கு வெளிநோயாளர் சிகிச்சை பேச்சையும் பயிற்சியையும் சார்ந்து நிற்கிறது. பழக்கத்தைத் தூண்டும் இடத்தையும் வேளையையும் மனநிலையையும் நோயாளியே இனங்காணவும், அவற்றை எதிர்கொள்ளும் வழிகளை முன்கூட்டியே வகுக்கவும் பயிற்றப்படுகிறார். வேர்மொன்ற் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீபன் ஹிக்கின்ஸ் 1990களின் தொடக்கத்தில் மற்றொரு முறையைப் பரீட்சித்தார். சிறுநீர்ப் பரிசோதனையில் கொக்கெயின் காணப்படாத ஒவ்வொரு முறையும் நோயாளிக்குப் பொருள்கள் பெறத்தக்க சீட்டு வழங்கப்பட்டது. தொலைவிலுள்ள பெரும் நன்மையை விட அருகிலுள்ள சிறு நன்மை மனிதரை நகர்த்தும் என்ற எளிய உண்மை இங்கு மருந்தாயிற்று. விக்லரின் விளக்கத்திலிருந்து பெறப்பட்ட அதே பாடம் இம்முறைகளிலும் தொடர்கிறது: பழக்கம் எங்கு கற்கப்பட்டதோ அங்கேயே அது மறக்கப்படவும் வேண்டும்.

முடிவுரை

1980களின் தொடக்கத்தில் இலங்கையிலும் ஹெரோயின் பரவலாயிற்று. 1984ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைப்பொருளிற் தங்கியிருப்போரை நீதிமன்றக் கட்டளையின் பேரில் சிகிச்சை நிலையங்களுக்கு அனுப்ப வழிவகுத்தது. கட்டாயத் தங்குமுறையின்மீது எழும் நம்பிக்கை எத்தகையது என்பதை மதிப்பிடுவதற்கு லெக்சிங்ரனின் வரலாறு நமக்கு உரைகல்லாகும். நோயாளி உள்ளே இருந்த நாள்களில் அல்ல, வெளியே சென்ற ஆறாம் மாதத்தில்தான் அந்நிறுவனத்தின் பெறுபேறு வெளிப்பட்டது.

உள்நோயாளர் சிகிச்சை முற்றாகத் தேவையற்றது என்பது இவ்வரலாற்றின் முடிபன்று. உயிராபத்தான நிலையிலும், வீடே பழக்கத்தின் களமாயுள்ள போதும், சிறிது காலம் விலகி நிற்றல் பயனளிக்கும். பட்லரும் டோலும் வைத்தியசாலையைப் பயன்படுத்தியவர்களே. ஆனால் அவர்களுக்கு அது வாசற்படி, வசிப்பிடமன்று. அளவறிந்து கொடுக்கப்படும் மருந்து, நோயாளியை அறிந்த மருத்துவர், தொழில், குடும்பம் என்பன ஒன்று சேர்ந்த இடங்களில் வெளிநோயாளர் சிகிச்சை வெற்றி பெற்றது. இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பிய இடங்களில் அது தளர்ந்தது. ஷிறீவ்போட்டில் இவை யாவும் ஓரளவு கூடியிருந்தன. அந்நிலையத்தை மூடியது மருத்துவத்தின் தோல்வியன்று. நோயாளியைக் குற்றவாளியாகவே காண்பதற்குப் பழகிய அரசின் முடிவே.

ஒரு நோயைப் பற்றிய அறிவு வளர்வதற்கு ஆய்வுகூடம் தேவை. அந்நோயாளனைப் பற்றிய எண்ணம் மாறுவதற்கோ ஒரு சமுதாயம் தன்னையே ஆராய வேண்டியுள்ளது. மருந்து 1930களிலேயே ஆக்கப்பட்டுவிட்டது. முறை 1919இலேயே தெரிந்திருந்தது. தாமதமாக வந்தது, அடிமைநிலையில் உள்ளவனும் வீட்டிலிருந்து மருந்து பெற்று வேலைக்குச் செல்லத்தக்க ஒரு மனிதனே என்ற ஏற்பு ஒன்றுதான்.